மீன்குழம்பு ஏறாத சர்வர்

இன்டர்நெட்டில் ஒரு மீன்குழம்பை ஏற்றியே தீருவது என்று சபதம் போட்டேன். வருஷம் 2003. கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவின் முதல் வெப்சைட் என்னுடையதாக இருக்க வேண்டும். பெயர் ‘எல்லப்பன் சமையல்’. குழம்பு என்னவோ என் மனைவி பிரபாவதியுடையது, அவள் பிறந்த சதுரங்கப்பட்டினத்துப் பக்குவம். இருந்தாலும் டைப் அடிப்பது நானல்லவா? பேரும் எனக்குத்தானே! திங்கட்கிழமை பார்க்கிறேன் என்று ஆபீஸ் மேனேஜர் கேசவன் வேறு சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பக்கங்களை வீட்டு டெலிபோன் லைன் வழியாக வாடகை சர்வருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அனுப்பினேன். பாதியில் லைன் அறுந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி அறுந்தது. ஒரு வாரமாக இதே பேஜாரு. சர்வர்க்காரனுக்கு போன் போட்டேன்.

“இன்னாங்க சொன்னான்?” சமையலறையிலிருந்து பிரபாவதி.

“பயர்வாலைப் பாருன்னான்.”

“வால்ல நெருப்பா? இலங்கையைக் கொளுத்தப் போறீங்களா?”

“பாஸிவ் மோடுக்கு மாறச் சொல்றான்டி!”

“அப்டின்னா?”

“அந்தப் பக்கம் எந்த வழியைக் காட்டுதோ, நாம வாயை மூடிகினு அதுல போவணும்.”

“கல்யாணமானதுலேருந்து நீங்க அதுலதான கீறீங்க!”

பாஸிவ் ஆனேன். பாஸ்வேர்டை மாற்றினேன். மோடத்துக்குக் கற்பூரம்கூடக் காட்டினேன். முக்கால்வாசி ஏறும், அப்புறம் டொக்! ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் கேசவன் முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

“அய்ய, மூஞ்சே வாடிப்போச்சு. பாஸ்வேர்டைச் சொல்லிட்டு, போய் வஞ்சிரம் வாங்கினு வாங்க. நான் பாக்குறேன்.”

“நீயா?”

“ஒரு வாரமா பின்னால நின்னு பாத்துகினுதான கீறேன்!”

மீனோடு திரும்பினேன். “ஏறிடுச்சு” என்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை கேசவன் பக்கத்தைத் திறந்தார். ஆபீஸே கூடி நின்றது. கொட்டை எழுத்தில் ‘பிரபாவதி சமையல்’. அய்யோ! உடனே வீட்டுக்கு போன் போட்டேன்.

“இன்னாடி இது? ஒரு வாரமா எனக்கு அறுந்த லைன் உனக்கு மட்டும் எப்படிடி அறுவல?”

“அதே லைன்ல சமையக்கட்டுல இருக்கற போனை எடுத்தாதான அறுவும்? நேத்து நான் எடுக்கல.”

“அப்போ என் பேரு?”

“போட்டுக்கீறேனே, கடைசியா பாருங்க.”

நான் பார்ப்பதற்குள் கேசவன் பார்த்துவிட்டார். சத்தமாகவே படித்தார்.

“‘மீன் வாங்கி வருபவர், எல்லப்பன்.’ அட, சொல்லவே இல்லியேய்யா! வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கும் ஒரு கிலோ வாங்கினு வந்துடு.”