எல்லாம் டயரின் குற்றம்

நம் ஊர்ப் பக்கம் காட்டுப் பன்றியைவிட வேகமாகப் பெருகிவரும் ஓர் இனம் உண்டு. டயரைத் திட்டுபவர். அடையாளம் கண்டுகொள்வது எளிது. காரில் ஏறுமுன் முன்சக்கரத்தைக் காலால் ஓர் உதை விடுவார். அதுதான் அவருடைய காற்றழுத்தச் சோதனை. 'டொம்' என்று கேட்டால் சரி, 'தொப்' என்று கேட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் என்று எழுதியிருந்தாலும் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, இலவசத்துக்கு அலைகிறவன் நானில்லை என்று வண்டியை விடுவார். டயர் தேய்ந்தால் மட்டும் நிற்பார். நின்று கம்பெனியைத் திட்டுவார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் அதியமான்கோட்டையில் இருக்கிறார். பெயர் நவநீதன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஆமாம், இயற்பியல்தான். அழுத்தம் என்றால் என்ன, உராய்வு என்றால் என்ன என்று இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குபவர். படத்திலுள்ள சக்கரத்துக்கு இருக்கும் மரியாதை அவர் வண்டிச் சக்கரத்துக்குக் கிடையாது.

முதல் முறை டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்தது. தருமபுரியில் டயர் கடை வைத்திருக்கும் நிசார் அகமது, காற்றுக் குறைவாக ஓட்டினால் இப்படித்தான் ஓரம் தின்னும் என்று பணிவாகச் சொன்னார். நவநீதன் கம்பெனியை மாற்றினார். நிசாருக்கும் ஒரு பாடம் புகட்ட வேண்டுமே? முப்பத்து மூன்று பாயின்ட் காற்று அடிக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து அடிக்கச் சொன்னார். அந்த டயர் நடுவில் மட்டும் வழுக்கை விழுந்தது, அவர் தலையைப் போலவே. கம்பெனியை மறுபடி மாற்றினார்.

மூன்றாவது டயர் வந்த மாதமே, மாரண்டஅள்ளி போகும் வழியில் ஒரு வேகத்தடையை அவர் வேகத்தடையாக ஏற்றுக்கொள்ளவில்லை. வண்டி பறந்து இறங்கியது. அன்றிலிருந்து அது இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி கோகிலவாணிக்கே அது தெரிந்தது. சொன்னார். மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோட்டையே சரிவாகத்தான் போடுவார்கள் என்று அரை மணி நேர வகுப்பு நடந்தது. இடது ஓரத்தில் போகும்போதும் இடது, வலது ஓரம் ஏறி முந்தும்போதும் இடது; வகுப்பும் இருமுறை. சக்கரங்களை நேராக்கும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடலாம் என்று நிசார் சொன்னதற்கு, அதெல்லாம் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வியாதி என்று பதில் வந்தது. மூன்று மாதம் இப்படியே ஓடியது. தினமும் காலையில் உதை மட்டும் தவறவில்லை.

சேலத்தில் மகள் சுசித்ராவின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள். காலை ஒன்பது மணி, லேசான தூறல். கோகிலவாணி பட்டுப்புடவையில், மடியில் ஒரு தூக்குக் கேசரியோடு உட்கார்ந்திருந்தார். தொப்பூர் இறக்கத்தில், முன்னால் ஒரு சிமென்ட் லாரி, பின்னால் ஒரு லாரி. இடது முன்சக்கரம் வெடித்தது.

வண்டி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. நவநீதன் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கினார். தடுப்புக் கம்பியில் ஐம்பதடி தூரம் உரசிக்கொண்டே போய், கம்பியை விட்டுக் கொஞ்சம் விலகி வண்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு முழம் தள்ளி ஒடித்துக்கொண்டு போனார். அவர் திட்டியது இருவருக்கும் கேட்கவில்லை. கேசரி முழுக்கப் புடவையில் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கோகிலவாணி பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நவநீதன் இறங்கினார். கிழிந்த டயரைப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"இந்தக் கம்பெனியும் மோசம்."

கோகிலவாணி இறங்கினார். சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனார். வெடிக்காத வலது முன்சக்கரத்தின் முன்னால் பட்டுப்புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவினார். கையை எடுத்தபோது விரலில் ரத்தம். தேய்ந்த ரப்பருக்குள்ளிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரலைக் கணவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"வெளிய பாத்தா புதுசாட்டம் இருக்குதுங்க. உள்ள கம்பி தெரியுது. மூணு மாசமா இழுக்குதுன்னு சொன்னேன். ரோடு சரிவுன்னீங்க. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் பொணமாப் போயிருந்தா, அதுக்கும் ரோடுதான் காரணமுங்களா?"

கோகிலவாணி ஒரு பேருந்தைக் கை காட்டி நிறுத்தி, கேசரிப் புடவையோடு ஏறிச் சேலம் போய்விட்டார். நவநீதன் ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார். வியர்க்க வியர்க்க மாட்டி, ஜாக்கியை இறக்கினால், வண்டி இறங்கிக்கொண்டே போனது. வாங்கிய நாளிலிருந்து ஸ்டெப்னிக்கு அவர் ஓர் உதைகூடக் கொடுத்ததில்லை. நிசார் அகமது தருமபுரியிலிருந்து டயரோடு வந்து சேர்ந்தபோது, சேலத்தில் பேத்திக்குப் பெயர் வைத்து, சாப்பிட்டு, இலையும் எடுத்தாகிவிட்டது. பேத்தியின் பெயரை நவநீதன் ரோட்டோரத்தில் நின்று வாட்ஸப்பில்தான் தெரிந்துகொண்டார். நிழற்குடைகூட இல்லாத அந்த இடத்தில் அவர் கண்ணைத் துடைத்ததாக நிசார் சொல்கிறார். மழை என்று நவநீதன் சொல்கிறார்.

மறுநாள் வண்டி நிசாரின் கடையில் ஏறியது. அலைன்மென்ட் கம்ப்யூட்டரைப் பார்ப்பது அவர் மகள் ஹசீனா. திரை முழுக்கச் சிவப்பு. கம்ப்யூட்டரில் கோளாறு இருக்குமோ என்று நவநீதன் சந்தேகம் கேட்டார். ஹசீனா அமைதியாகச் சொன்னார்: "உங்களுக்கு முன்னாடி வந்த வண்டிக்குப் பச்சைதான் சார் காட்டுச்சு."

கோகிலவாணி இதோடு விடவில்லை. டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார், ஐம்பத்தோரு வயதில். பயிற்சி வாகனத்தில் ஒரு மாதம் தருமபுரியைச் சுற்றி, இரண்டாம் முயற்சியில் லைசென்ஸ் வாங்கி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பதினைந்து நாளைக்கொருமுறை பங்க் வரிசையில் நின்று காற்று. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஹசீனாவிடம் அலைன்மென்ட். பத்தாயிரத்துக்கு ஒருமுறை முன்சக்கரம் பின்னுக்கு, பின்சக்கரம் முன்னுக்கு. வேகத்தடை வந்தால் அதற்கு வணக்கம் வைப்பது போல் ஏறி இறங்குவார். நான்காவது முறை வாங்கிய டயர்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டி இன்னும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நவநீதன் திருந்தினாரா? ஆசிரியர் ஓய்வறையில் இப்போது அவர்தான் டயர் நிபுணர். எல்லோரிடமும் ஒரே அறிவுரைதான் சொல்கிறார்: "நாலாவதா வாங்கினது நல்ல கம்பெனி. டயருன்னா இதான் டயரு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை வாசிக்கும்போதே யாருக்கு இதை அனுப்பலாம், மைத்துனருக்கா, மேலதிகாரிக்கா என்று யோசித்திருப்பீர்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வண்டிக்கு எத்தனை காற்று என்று ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சடித்திருக்கிறதே, அது எத்தனை? தெரியாதா? பரவாயில்லை. ஒட்டியவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒட்டிவிட்டான் என்று சொல்லிவிடலாம்.