ஒட்டடைக் கம்பும் எதிரிப்படையும்

மதிப்புக்கும் மரியாதைக்கும், வேறு வழியில்லாமல் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் நலத்துக்குக் குறைவிருக்காது. அடுத்தவர் வீட்டில் யுத்தத்தை மூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் நீங்கள்.

ராணுவத்தில் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர் சும்மா இருந்திருக்கலாம். "திங்கட்கிழமை துப்பாக்கிப் பயிற்சி முகாமுக்குப் போறதுக்குள்ள அடிப்படையை வீட்டிலேயே பழகிக்கம்மா" என்று என் மகளுக்குத் தொலைபேசியில் பாடம் எடுத்தீர்கள். அவள் ஒட்டடைக் கம்பைப் பாதியாக அறுத்துத் துப்பாக்கியாக்கி, என் சட்டையிலிருந்து கறுப்புப் பொத்தானைப் பிய்த்துச் சுவரில் ஒட்டிக் குறிவைக்கிறாள். ஒட்டிய இடம் என் நாற்காலிக்கு நேர் மேலே. செய்தித்தாள் படிக்க உட்கார்ந்தால் நான்தான் எதிரிப்படை. கம்பின் நுனியில் ஒரு நாணயத்தைப் படுக்கவைத்து, அது விழாமல் விசையை அழுத்துவதாகப் பாவனை செய்ய வேண்டுமாம். விழுந்தால் குனிந்து எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். அவள் மூச்சைப் பிடித்தால் வீடே மூச்சைப் பிடிக்கிறது. விசில் சத்தத்தில் மகளுக்குக் குறி தவறுகிறதென்று உங்கள் தங்கை குக்கரையே பரண்மேல் ஏற்றிவிட்டாள். மூன்று நாளாக அரைவேக்காடு. நேற்று எனக்குத் தும்மல் வந்தது. "என்னங்க, வெளியில போய்த் தும்மிட்டு வாங்க" என்றாள். போனேன். ஜன்னலில் நீட்டியிருந்த கம்பைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், இரண்டு வருஷமாகத் திருப்பித் தராத ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சார், கேட்டிருந்தாலே குடுத்திருப்பேனே!" என்றார்.

இதில் நீங்கள் சொன்ன கண் பரிசோதனை வேறு. காகிதத்தில் ஓட்டை போட்டுப் பார்த்ததில், குறிபார்ப்பதில் அவளுக்கு இடது கண்ணுக்குத்தான் அதிகாரமாம். இந்த வீட்டில் கண்ணுக்குக்கூட அதிகாரம் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை. உடனே எல்லாம் இடது கை, இடது தோள். காப்பியையும் இடது கையால்தான் ஊற்றுகிறாள், குறி தவறாமல் என் மடியில்.

மைத்துனரே, எனக்குப் பயமாக இருக்கிறது. இருப்பது ஒரே பெண். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். "உனக்கு இது சரிப்படாதும்மா" என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

நீங்களும் அக்காவும் நீடூழி வாழ்க, இனி யாருக்கும் பாடம் எடுக்காமல்.

இப்படிக்கு,
நாணயம் பொறுக்கும்
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து நின்றாள். கம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போகல" என்றாள். எந்த வார்த்தைக்காக இத்தனை நீளத்துக்கு உங்களுக்கு எழுதினேனோ, அது வாயில் தயாராக இருந்தது. வெளியே வந்ததோ, "தோள் இறங்குது பாரு, ஒழுங்காப் பிடி" என்பதுதான். ஃபோன் போட வேண்டாம். போட்டால், அந்தத் தோளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.