அக்கா உட்கார்ந்தால் சாஃப்ட்வேர் மூடும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் எது பழுதானாலும் மற்றவர்களுக்கு "யாரைக் கூப்பிடலாம்?" என்று தோன்றும். எனக்கு "ஏன் இப்படி ஆகிறது?" என்று தோன்றும். மிக்சி நின்றால் சட்னிக்கு வேறு வழி பார்க்காமல் மிக்சியைக் கழற்றிக்கொண்டு உட்காருவேன். பசுமலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் டீச்சராக இருப்பதால், இந்தப் பழக்கத்துக்கு மாதச் சம்பளமும் கிடைக்கிறது. (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது இங்கே வேண்டாம்.)

என் நாத்தனார் கௌசல்யா எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் பூவோ கிளியோ வரைந்தால், பக்கத்தில் இருக்கும் மெஷின் அதை அப்படியே ஜாக்கெட் துணியில் போட்டுவிடும். வரைகிற சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் உண்டு. பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் நாம் முறையாக லைசென்ஸ் வாங்கியவர்கள் என்று சாஃப்ட்வேர் நம்பும். இல்லையென்றால் செய்த வேலையையும் தூக்கிக்கொண்டு மூடிக்கொள்ளும்.

ஆயுத பூஜையன்று மாமியார் சந்தனமும் குங்குமமுமாக மானிட்டர், கீபோர்டு, கத்தரிக்கோல் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். டாங்கிளை மட்டும் கண்டுகொள்ளவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அதை உருவி அவர் கையில் கொடுத்து ஒரு பாடமே நடத்தினேன்.

"அத்தை, இம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் சும்மா. உயிர் பூரா இதுக்குள்ளதான் இருக்கு."

அத்தை பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். நான் அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி அவருக்கும் விளக்கினேன். (அவர் கவனம் சுண்டலில் இருந்தது.) அத்தை திருப்பிக் கொடுத்ததும், பேச்சை நிறுத்தாமல், பார்க்காமலே செருகினேன்.

அடுத்த வாரம் கௌசல்யாவுக்கு முதல் கல்யாண ஆர்டர் வந்தது. டி. கல்லுப்பட்டி முத்துலட்சுமி அக்கா, மகளின் முகூர்த்த ஜாக்கெட்டில் முதுகு நிறையத் தோகை விரித்த மயில் வேண்டும் என்றார். அது நன்றாக அமைந்தால் அவருடைய சொந்தபந்தம் மொத்தமும் எங்கள் கடைக்கு வரும். சொதப்பினால் அதே சொந்தபந்தத்திடம் எங்கள் மானம் போகும். துணி அன்று சாயங்காலமே டெய்லர் கைக்குப் போயாக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் அக்காவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மதினி! தோகை போச்சு!" என்று கௌசல்யா கத்தினாள்.

ஓடினேன். லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அப்புறம் வெறும் திரை.

"சேவ் பண்ணலையா?"

"பண்ண விட்டாத்தான? கம்பெனிக்குப் போன் போடுவோம் மதினி."

"அதுக்குள்ள என்ன அவசரம்? ஏன்னு கண்டுபிடிப்போம்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். திருத்த வேண்டிய விடைத்தாள்களை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருந்தது. இன்டர்நெட் இருந்தது. அணைத்துப் போட்டேன். சாஃப்ட்வேர் திறந்தது, மயிலுக்குக் கழுத்து வந்தது. மோர் குடிக்க எழுந்து போயிருந்த அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். மூடிக்கொண்டது.

எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க." எழுந்தார். திறந்தோம், திறந்தது. "இப்ப உக்காருங்க." மூடியது. "இன்னொருக்கா எந்திரிங்க." டீச்சர் சொல்கிறாளே என்று அந்த அம்மாவும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் மூச்சு வாங்க, "டீச்சர், நான் ஜாக்கெட்டு வாங்க வந்தேனா, ட்ரில் கிளாசுக்கு வந்தேனா?" என்றார்.

அவர் கட்டியிருந்தது பாலியஸ்டர் சேலை. போதாதா? உராய்வினால் உண்டாகும் நிலைமின்சாரம் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றி, செருப்பைக் கழற்றச் சொல்லி, மின்சாரம் தரையில் இறங்கட்டும் என்று அவரை வாசலில் நிறுத்தினேன். கல்யாண வீட்டுக்காரியை வெயிலில் நிறுத்திய கடை மதுரை வட்டாரத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் சாஃப்ட்வேர் மூடவில்லை! தோகை கண் கண்ணாக விரிந்தது. கௌசல்யா என்னை ஒரு விஞ்ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நானும் அப்படித்தான் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை காபியோடு வந்தார். "ஏத்தா, வந்தவுகள வெயில்ல நிப்பாட்டிட்டு என்ன பண்றீக?" என்று அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

மூடிக்கொண்டது. ஜெயித்த மிதப்பில் சேவ் பண்ண மறந்திருந்தோம்; மயில் மொத்தமும் போனது.

அக்கா காபியைத் தொடவில்லை. "துணியைக் குடுத்துரும்மா. திருமங்கலத்துல போட்டுக்கிறேன்." கௌசல்யா துணியை மடிக்க ஆரம்பித்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளுக்கு அது பிழைப்பு, எனக்கு அது விளையாட்டாக இருந்திருக்கிறது. போனைக் கையில் எடுத்தேன்.

"போனெல்லாம் எதுக்கு?" என்றார் அத்தை. "உசுரு இதுலதேன் இருக்குன்னு அன்னைக்கு நீதான சொன்ன? வச்ச பொட்டு அழிஞ்சிருக்கும், கோவிச்சுக்கிருச்சு. இரு, சந்தனம் கரைச்சுட்டு வாரேன்."

கிண்ணத்தோடு வந்து டாங்கிளை உருவினார். திருப்பிப் பார்த்தார். "அழியலையே! அப்படியே இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார்.

இருந்தது. கம்ப்யூட்டருக்குள் போகிற அந்தத் தகர வாய்க்குள் காய்ந்து கெட்டியான சந்தனமும், நடுவில் குங்குமமும்.

"அத்தை, இதுக்குள்ளயா வச்சீங்க?"

"பளபளன்னு இருந்துச்சு, அதுதேன் முகம்னு நெனச்சேன். நீ உசுருன்னு சொன்னியேன்னு நல்லா அமுத்தி வச்சேன்."

அப்போதுதான் கீழே குனிந்து பார்த்தேன். பெஞ்சின் கால் ஆடுகிறதென்று முந்தின நாள்தான் நைலான் கயிற்றால் அதைக் கம்ப்யூட்டர் மேசைக் காலோடு கட்டியிருந்தோம். யார் உட்கார்ந்தாலும் மேசை ஆடும். மேசை ஆடினால், சந்தனத்துக்கு நடுவே ஏதோ தொட்டுக்கொண்டிருந்த டாங்கிளின் தொடர்பு விட்டுப்போகும். பாலியஸ்டர் சேலை ஒரு பாவமும் செய்யவில்லை.

ஊசியாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் சுரண்டிச் செருகினோம். சாஃப்ட்வேர் அதன்பின் முனகவே இல்லை. சாயங்காலத்துக்குள் மயில் துணியில் இறங்கிவிட்டது. அக்கா அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். என்னை விட்டுவிட்டு அத்தையிடம் முழுக் கதையையும் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். நான் விரலை நீட்டினேன். எங்கிருந்தோ ஓடி வந்த முத்துலட்சுமி அக்கா கிண்ணத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"டீச்சருக்குச் சந்தனம் குடுக்காதீகடி, மயில் பறந்துரும்!"

சிரிப்பு அடங்குவதற்குள் என்னை முன்வரிசை நாற்காலிக்குக் கூட்டிப்போனார். "உக்காருங்க டீச்சர்." உட்கார்ந்தேன். "எந்திரிங்க." எழுந்தேன். "இன்னொருக்கா உக்காருங்க." அவருடைய சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சொந்தபந்தம்தான் இன்றுவரை கௌசல்யாவின் வாடிக்கை. பெஞ்சுக்குப் புதுக் கால் போட்டு, கயிற்றையும் அவிழ்த்தாயிற்று. இருந்தாலும் கல்லுப்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே எனக்குக் கேட்கும்படி ஒரு தடவை சத்தமாகக் கேட்பார்கள்: "டீச்சர், உக்காரலாமா?"