படகில் கிடந்த தலையணை

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் போதகர் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். உன் அக்காவோட இருதயத்துல ஒரு வால்வு மட்டும் சுகமில்ல, அது உனக்கே தெரியும்.

ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்றதா வேணாங்கிறதான்னு நான் கேட்டதுக்கு நீ ஒரு வழி சொல்லிட்டுப் போனியே, வேதத்துல கொஞ்சமா எடு, மெதுவா வாசி, எந்த வார்த்தை உன்னை நிறுத்துதோ அங்கேயே நில்லு, பேசாம காது குடு, ஆண்டவர் பேசுவார்னு. மெதுவா வாசிக்க எனக்குச் சொல்லியா தரணும், நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன்தானே. ஆண்டவரும் சீஷருங்களும் போன படகு புயல்ல மாட்டி, தூங்கிட்டிருந்த அவர் எழுந்து புயலை அடக்குற கதையை எடுத்தேன். காத்து என்னை நிறுத்தல, அலை நிறுத்தல, சீஷருங்க போட்ட கூச்சல் நிறுத்தல. ஆண்டவர் படகுல தலை வெச்சுத் தூங்கினாரே ஒரு தலையணை, அங்கே நின்னுட்டேன். மறுபடி வாசிச்சேன், மறுபடியும் தலையணை. உள்ள என்ன பஞ்சு, யாரு தைச்சது, அந்த ஈரத்துல தையல் தாங்குமான்னு புத்தி அதையே சுத்துது. வாழ்க்கை பூரா மெத்தை தலையணை தைச்சவன்கிட்ட தலையணைன்னு சொன்னா, அது ஆண்டவர் பேசுறதா, என் பழைய கடை பேசுறதா? நீ படிச்ச படிப்புல இதுக்குப் பாடம் உண்டா? உன் ஜெபக் கூட்டத்துல மத்தவங்களுக்கெல்லாம் சமாதானம், விசுவாசம்னு உசந்த சரக்கா கிடைச்சுதாம். எனக்கு மட்டும் பஞ்சு.

உன் அக்காகிட்ட சொன்னேன். சிரிச்சா மூச்சு வாங்கும்னு டாக்டர் சொன்னதையும் மறந்துட்டுச் சிரிச்சா. அப்புறம், "அது சரி, படகுல தலையணையைக் கொண்டுபோய் வெச்சது யாரு?"ன்னா. எனக்கெப்படித் தெரியும், கதையிலயே இல்ல. "யாரோ, அவர் கொஞ்சம் அசந்து தூங்கட்டும்னு வெச்சிருக்காங்க. புயலை அடக்கச் சொல்லி யாரும் அவங்களைக் கேக்கல"ன்னு சொல்லிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

ஆக, சரின்னும் வரல, வேணாம்னும் வரல. டாக்டர் நாளைக்குப் பதில் கேக்குறார். அவளை உள்ள அனுப்பிட்டு வெளியில உக்கார எனக்குத் தைரியமில்ல மச்சான். வேணாம்னே சொல்லிடப் போறேன். இனி உன் வழியில வாசிக்கவும் மாட்டேன்.

உன் பிரசங்கத்தோட நீளம் குறைஞ்சு உன் சபை பெருக வேணும்னு ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: மேல வேணாம்னு எழுதினதை அடிச்சுடு. கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள உன் அக்கா வந்து, ஆஸ்பத்திரித் தலையணை கல்லு மாதிரி இருக்குமாம், எனக்குன்னு ஒண்ணு தைச்சுக் குடுங்கன்னா. மெஷினைத் துடைச்சு உக்காந்தேன். பாதித் தையல்ல, படகுல தலையணை வெச்சவங்களும் இவ்வளவுதானே செஞ்சாங்கன்னு பட்டுச்சு. எழுந்துபோய் டாக்டருக்கு போன் பண்ணி, சரின்னு சொல்லிட்டேன். சொல்ல வெச்சது ஆண்டவரா உன் அக்காவான்னு இன்னும் குழப்பம்தான். பஞ்சு கொஞ்சம் குறையுது, வரும்போது வாங்கிட்டு வா.