டோக்கன் தராத மூப்பர்

ஆண்டவரே எங்கள் மலைக்கு வந்து திருவிருந்துக்கு உட்கார்ந்தாலும், "யாரோடயும் மனத்தாங்கல் உண்டா?" என்று விசாரிக்காமல் டோக்கன் மூப்பர் அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்.

வண்டன்மேட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பிரஸ்பிட்டேரியன் கோயில். எங்களுக்கு பிஷப் கிடையாது. மூப்பர்கள் வைத்ததுதான் சட்டம். திருவிருந்துக்கு முந்தின நாள் மூப்பர் வீடு வீடாக வந்து ஆளுக்கொரு தகர டோக்கன் தருவார். அதைக் காட்டினால்தான் அப்பமும் திராட்சரசமும். சண்டையில் இருப்பவர்களுக்கு டோக்கன் கிடையாது. மற்ற ஊர்களில் இந்த வழக்கத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். "அங்கெல்லாம் சண்டையே இல்ல போலிருக்கு" என்பார் எங்கள் டோக்கன் மூப்பர்.

ஒருமுறை என் அம்மாவுக்கும் பக்கத்து லயத்துச் செல்லம்மா அத்தைக்கும் தண்ணீர்ப் பைப்பில் தகராறு. மூப்பர் இரண்டு வீட்டிலும் கட்டன்சாயா குடித்தார்.

"பைப்படிச் சண்ட முடிஞ்சிட்டா தாயி?"

"மொதல்ல அவ பேசட்டும் மூப்பரே" என்றாள் அம்மா.

"அப்ப ஒனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல."

டோக்கன் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அவரைத் திட்டுவதற்காகவே இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டுக்கும் டோக்கன் வந்துவிட்டது.

போன வருடம், எங்கள் கோயில்களை மேற்பார்க்கிற மேல்சபையிலிருந்து ஒரு கடிதம். சபையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கீழே டவுன் சபையோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க இரண்டு போதகர்கள் வருவார்கள், சபையின் சரித்திரத்தை எழுதி வைக்கவும் என்றிருந்தது. சேர்த்துவிட்டால் எங்கள் கோயிலுக்குப் பூட்டுதான். பத்திரிகையில் எழுதுகிற பாவத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது. பழைய பதிவேடுகளைக் கரையான் தின்று தீர்த்திருந்ததால் மூப்பரிடம் போனேன்.

"எழுதிக்கலே. மொதல்ல கூரச் சண்ட. புல்லா தகரமான்னு. அப்புறம் மணிச் சண்ட. அப்புறம் பொம்பளையாளுவ எந்தப் பக்கம் உக்காரதுன்னு ஒரு சண்ட. அது மூணு மூப்பர் காலம் ஓடிச்சி."

"நல்லதா ஒண்ணுமே நடக்கலயா மூப்பரே? இதக் காட்டுனா அன்னைக்கே பூட்டிருவாங்க."

"எல்லாச் சண்டையும் முடிஞ்சிருக்குல்லா? அதவிட நல்லது என்னலே வேணும்?"

வேறு வழியில்லாமல் அப்படியே எழுதினேன்.

போதகர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் திருவிருந்து. இரண்டு போதகர்களும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மூப்பர் பையோடு வாசலை அடைத்து நின்றார்.

"ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால உக்காந்து வந்திய. எறங்கியும் ஒரு வார்த்த பேசல. மனத்தாங்கல் உண்டோ?"

ஒரு போதகர் தொண்டையைக் கனைத்தார். மற்றவர் ஏலச்செடியை ஆராய்ந்தார். மூப்பர் பையை மூடினார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மூப்பரே, கோயிலப் பூட்டுறதும் விடுறதும் இவங்க கையில இருக்கு."

"அது அவங்க கையில. டோக்கன் என் கையில."

போதகர்கள் இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். உள்ளே நாங்கள் ஒரே பாட்டை மூன்று தடவை பாடினோம். திரும்பி வந்தபோது இருவர் முகமும் சிவந்திருந்தது. ஆனால் பேசிக்கொண்டே வந்தார்கள். மூப்பர் டோக்கன் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் மூத்த போதகர் என் சரித்திரத்தை நின்றபடியே படித்தார். பாதியில் சிரித்துவிட்டார்.

"கடைசியில ஒரு வரி சேத்துக்குங்க தம்பி. எங்க சண்டையும் இங்கதான் முடிஞ்சுதுன்னு. இந்தச் சபை இங்கேயே இருக்கட்டும்."

ஜீப் இறங்கிப் போன பிறகு கேட்டேன். "கொஞ்சங்கூட பயமே இல்லயா மூப்பரே?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"காலைல இருந்து இப்படித்தான் கெடக்கு. எம் பொஞ்சாதியப் பொதச்சது இந்தக் கோயிலுக்குப் பொறத்தாலதானலே."

இந்த மனுஷரை வைத்து எத்தனை கட்டுரையில் சிரித்திருப்பேன்! அன்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அவருடைய லயம் வரை நடந்தேன். வாசல் வந்த பிறகும் எனக்கு விட மனம் வரவில்லை.