பங்கா இழுத்த மாப்பிள்ளை

காசு கொடுத்து ஓட்டலில் தங்குகிறவனுக்குக் குறை சொல்ல உரிமை உண்டு. ஓசியில் தங்குகிறவனுக்கு வாயைத் திறக்கவே உரிமை கிடையாது. கல்யாணமான புதிதில் இதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பெட்டிகளின் மேல் நம்பர் எழுதுகிற வேலை எனக்கு. பெண் பார்க்கப் போனபோது அது 'எக்ஸ்போர்ட் ஆபீசர்' ஆகிவிட்டது (சொன்னவர் தரகர், மறுக்காதவன் நான்). சரோஜா பி.ஏ. படித்தவள். அவளுடைய அண்ணன் மெட்ராஸில் பேங்க் உத்தியோகம். "குடியாத்தத்துல லுங்கி நெய்யிற வூட்டுக்கா பொண்ணக் குடுக்கறீங்க?" என்று கல்யாணத்துக்கு முன்பே என் அப்பா காதுபடக் கேட்ட புண்ணியவான். அவர் வாயை ஒரு தடவையாவது அடைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு லட்சியம் கிடையாது.

வாய்ப்பு தானாக வந்தது. ஆற்காட்டுப் பக்கம் நவாப் காலத்துப் பங்களா ஒன்றைத் தோல் வியாபாரி ஒருவர் வாங்கி ஓட்டலாக்கியிருந்தார். ஓட்டல் என்று பெயர், உள்ளே நடந்தது முழு நாடகம். வாசலில் ஈட்டி பிடித்த காவலாளி. பல்பு கிடையாது, எண்ணெய் விளக்கு. ஃபேன் கிடையாது, கூரையில் தொங்கும் துணிப் பங்காவை ஆள் உட்கார்ந்து கயிறு பிடித்து இழுக்க வேண்டும். சாயங்காலமானால் ஜரிகைத் தொப்பிக்காரர் ஒருவர் நவாபாக வந்து தர்பார் நடத்துவார். எல்லாம் தோல் வாங்க வரும் வெள்ளைக்காரர்களை மயக்கத்தான்.

எங்கள் கம்பெனி ரூம் போட்டிருந்த வெள்ளைக்காரர் வரவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ரூம் வீணாப் போவுதுய்யா. புது மாப்ளே, நீ போய்ட்டு வா" என்றார். முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு மற்றதை மச்சானுக்குச் சொல்லி, மனைவியோடு சாப்பிட வரச் சொன்னேன்.

இரவல் கோட்டில் சரோஜாவோடு போய் இறங்கினேன். ரூமுக்குள் காற்று என்கிற பொருளே இல்லை. மச்சான் சீக்கிரமே வந்துவிட்டார் என்று சரோஜா தர்பார் ஹாலுக்குப் போய்விட்டாள். ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு போகலாம் என்று கோட்டைக் கழற்றி எறிந்தேன். அப்பா தறியில் நெய்து கொடுத்த புது லுங்கியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு தண்ணீர் கேட்கத் தாழ்வாரத்துக்கு வந்தேன்.

அங்கே நாலைந்து பேர் தலைப்பாகையோடு நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் பனியன், எல்லாருக்கும் என் லுங்கி. அதே சிவப்புக் கட்டம், அதே கரை. நவாப் காலத்து வேலைக்காரர்களுக்கான சரித்திர உடையை எங்கள் தெருவிலேயே மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள். (ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.)

"டேய், இன்னா வேடிக்க பாக்கற? பங்காகிட்ட ஆளு இல்ல பாரு. ஓடு" என்று அவர்களுடைய மேஸ்திரி என் தலையில் ஒரு தலைப்பாகையைக் கவிழ்த்தார்.

நான் கெஸ்ட் என்று சொல்ல வாய் திறந்தது. அதற்குள் கால் ஓடிவிட்டது. கம்பெனியில் யார் அதட்டினாலும் முதலில் ஓட வேண்டும், எதற்கென்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அப்படியே பழகிய உடம்பு. நினைத்தால் இன்றும் அந்தக் கால்களை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

தர்பார் ஹால் மூலையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்த பிறகுதான் பார்த்தேன். நேர் எதிரே மச்சான், அவர் மனைவி, சரோஜா.

"இன்னாப்பா, காத்தே வர்ல. வேகமா இழு" என்றார் மச்சான். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். சரோஜா திரும்பினாள். என்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். "ஐயோ, இவரா" என்று எழுந்து வருவாள் என்று காத்திருந்தேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். "பிரியாணி எப்டிண்ணா இருக்கு?" என்றாள்.

"சூப்பரும்மா. மாப்ளே எங்க?"

"கம்பெனி ஆளுங்களோட பேசினு இருக்காரு. வருவாரு."

இழுத்தேன். நிறுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நிறுத்தாமல் இழுத்தேன். அவ்வளவு நன்றாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. அவர்கள் பாயசம் வரை சாப்பிட்டார்கள்.

அப்போது மேஸ்திரி வந்து, "நல்லா இழுக்கறியே. புது ஆளா? பேரு இன்னா?" என்றார். அதட்டாமல் கேட்ட மேலதிகாரிக்கு உடனே பதில் சொல்வதும் எங்கள் பழக்கம்தான். ஊர் பேர், அப்பா பேரோடு உரக்கச் சொன்னேன்.

மச்சான் தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "போதும் மாப்ளே, கயித்த வுடுங்க" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து சரோஜாவின் பிறந்த வீட்டில் கரண்ட் போனால், "மாப்ளயக் கூப்புடு" என்பார்கள். என் மகள் கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றபோது, சம்பந்தி வீட்டார் நடுவில் மச்சான் கதையை முதலிலிருந்து சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது சரோஜாதான்.

"எனக்கு அப்பவே தெரியும். சொன்னா மானம் பூடுமேன்னு கம்னு இருந்துட்டேன்" என்பாள், ஒவ்வொரு தடவையும்.

யாருடைய மானம் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.