துபாயில் இருந்த கண்டக்டர்

எனக்குப் பொய் சொல்ல வரும். சொன்ன பிறகு சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வராது.

2008இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பத்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும். எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கி கல்விக் கடன் தரத் தயார். ஆனால் சம்பாதிக்கிற அப்பா கூடவே கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். ஒரு காலத்தில் அம்மாவின் தம்பி ஆட்டோ வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். ஆட்டோவும் காணவில்லை, மாமாவும் காணவில்லை. தவணை முழுக்க அப்பா தலையில். இனி எவருக்கும் கையெழுத்தே கிடையாது என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

எனக்குக்கூடவா என்று கேட்டேன்.

"கற்பூரத்துல ஆள் பாத்தா சத்தியம் பண்ணுவாங்க, பாப்பா?" என்றார்.

சனிக்கிழமை நானே தனியாக வங்கிக்குப் போனேன். மேனேஜர் முன்னால் நான் ஆட்டிய காலில் அவர் மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளரும் ஆடியது. அப்பா எங்கே என்றார். துபாயில் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். (விடத் தெரிந்தால் இதை ஏன் எழுதுகிறேன்?) மூன்று வருடமாகப் பணம் அனுப்பவில்லை, போனும் இல்லை என்று சேர்த்து, காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனிதர் உருகிவிட்டார். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன், திங்கட்கிழமை வா என்றார்.

அன்று வங்கி அரை நாள்தான். கல்லூரியில் அவகாசம் கேட்க நான் சிதம்பரம் கிளம்ப, மேனேஜர் வீடும் சிதம்பரத்திலாம், கூடவே வந்தார். நிதானமுள்ள யாரும் ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறியிருப்பார்கள். என்னால் நிற்க முடியவில்லை. வந்த முதல் பஸ்ஸில் தாவி ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்டக்டரைப் பார்த்தேன்.

மேனேஜர் பணத்தை நீட்டினார். "சிதம்பரம் ரெண்டு. அந்தப் பொண்ணுக்கும் சேத்து. பாவம், அப்பன் துபாய்ல இருக்கானாம், மூணு வருஷமா பைசா அனுப்பல. என்ன மனுசனோ."

அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு டிக்கெட் கிழித்தார். மீதிச் சில்லறை கொடுத்தார்.

"சில பேரு அப்படித்தான் சார்," என்றார்.

புதுச்சத்திரம் தாண்டும்வரை நான் நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா, "வா" என்று மட்டும் சொன்னார். வழியில் கோயிலில் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியிடம் மன்னிப்புக் கேட்டார். காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"துபாய்லேர்ந்து நேத்துதான் வந்தேன் சார். எங்க கையெழுத்து போடணும்?"

மேனேஜர் சிரித்து அடங்க வெகுநேரமானது. நான் அழுதேன், இந்த முறை நிஜமாகவே.

கடனை என் சம்பளத்தில் கட்டி முடித்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் சொந்தக்காரர் யாராவது ஜாமீன் கேட்டு வந்தால், அம்மா வாசலிலேயே மறித்து, "அவுரு துபாய்ல இருக்காரு" என்று சொல்லிவிடுகிறார். உள்ளே அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்.